ஏழு எண்ணும் வரை

நளீரா காத்தான்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வந்தாள்.
ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே அல்பத்தைத் திறந்தாள்.
மாமனார் சேர்த்தது. அவர் மௌத்தாகி நாலு மாதம்.
"இந்த ஐம்பது சதத்துக்கு மட்டும் மூணு மடங்கு தாறன் எண்டு
கொழும்பில ஒராள் நிக்கிறார்.
நிறம் அசல் எண்டு நீங்க ஒரு சொல் எழுதித் தரணுமாம்."

மட்டக்களப்பில் அந்தச் சொல்லை எழுதுகிறவன் நான் ஒருவன்.
கட்டணம் ஐந்நூறு. ரசீது உண்டு.

வெள்ளியை நேரே பார்க்கக் கூடாது.
ஜன்னலோரம் போய் விளிம்பில் பிடித்து
மெல்லச் சாய்க்க வேண்டும்.
பக்கத்துக் குழியிலிருந்த இருபத்தைந்து சதத்தை
முதலில் எடுத்தேன், கண்ணைப் பழக்க.
விளிம்பில் நீலம், அதற்குள் மாதுளைச் சிவப்பு,
அதற்குள் தேன்,
நடுவில் ஒன்றும் ஆகாத வெள்ளி.
எழுத்துகளின் இடுக்கில் வெண்மை பதுங்கியிருந்தது.
சாய்த்தபோது நிறத்துக்கு அடியில்
ஒளி ஒரு சக்கரமாய்ச் சுற்றி வந்தது.

மஞ்சளைத் தாண்டாமல் நீலத்துக்கு வர வழியில்லை.
உறைக் காகிதத்தின் கந்தகம், வாவியின் சேற்று மூச்சு,
எத்தனையோ கச்சான், எத்தனையோ வாடை.
யாரும் பார்க்காத நேரத்தில் நடந்தது.

பிறகு ஐம்பது சதம். 1903.
நீலம் நடுவிலேயே தொடங்கியிருந்தது.
ராசாவின் மூக்கிலும் காதோரப் பள்ளத்திலும்
ஒரே கனம்,
கழுவாத கறிச்சட்டித் தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோல
மேடு பள்ளம் எதையும் கேட்காமல்.
மறுபுறம் பனைமரத்துக்கும் அதே நீலம்.
பஞ்சில் அசிற்றோன் தொட்டுத் துடைத்தேன். போகவில்லை.
பூசினது இல்லை, அப்போ. தோய்த்தது.
இவ்வளவும் அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

பத்து மடங்குக் கண்ணாடியை வைத்தது பழக்கத்தில்.
தாடிக்குக் கீழே ஒரு கீறல்,
வெட்டிப் போட்ட நகத்துண்டு மாதிரி.

அது என் இடுக்கி வழுக்கினது.

தொண்ணூற்றி மூன்று. ஸ்டூடியோவின் இருட்டறை.
ஊரடங்கு. கரண்ட் இல்லை. மெழுகுதிரி.
கலியாணப் படங்களைப் பழுப்பாக்குகிற சோடியம் சல்பைட்,
தண்ணீர் கூட்டி, இளஞ்சூடாக்கி.
கூழ்முட்டை நாற்றம் தலைமயிரில் இரண்டு நாள் நிற்கும்.
நாணயத்தைத் தாழ்த்தி எண்ணினேன்.
நாலில் பொன். ஐந்தில் செம்பு.
ஏழில் நீலம். எட்டென்றால் கறுத்துப் போகும்.
ஏழில் தூக்கத் தெரிந்த கை எனக்கு.
தூக்கும்போதுதான் வழுக்கியது.

வாங்கியவர் மீராலெவ்வை.
அந்த நாளில் காத்தான்குடியிலிருந்து ஒருவர்
டவுனுக்குத் தனியாக வந்து நாணயம் கேட்பதென்றால்
எத்தனை சென்ரி, எத்தனை பார்வை.
எண்ணூறு ரூபாவை இரண்டு தரம் எண்ணித் தந்தார்.
"இப்படி நிறம் மனிசனால ஏலாது, தம்பி" என்றார்.
நான் ஓம் என்றேன்.

கண்ணாடியை இன்னும் நெருக்கினேன்.
அன்றைக்குக் கீறல் பச்சை வெள்ளையாய் இருந்தது;
மருந்து படாத ஒரே இடம்.
இன்றைக்கு அதற்குள்
ஓரத்தில் சிவப்பு, நடுவில் தேன்.
வரிசை பிசகாமல்.
முப்பத்திரண்டு வருஷம் அவருடைய அலுமாரிக்குள் இருந்து
காற்று அந்த ஒரு மயிரிழைக்கு மட்டும்
செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது.

அசல் என்று எழுதினாலும்
கொழும்புக்காரனிடம் இந்தக் கண் இல்லை.
அதுவும் தெரியும்.

"என்ன சேர், நேரமெடுக்குது?"

ரசீதுப் புத்தகத்தை இழுத்தேன்.
காபன் தாளை நேராக்கினேன்.
நிறம் செயற்கை. சோடியம் சல்பைட். 1993.
கீறலின் உள்நிறம் இயற்கை.
கையெழுத்து வைத்து அவள் பக்கம் திருப்பினேன்.

அவள் வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள்.
நீட்டிய ஐந்நூறு நோட்டு
அவள் விரலுக்கும் மேசைக்கும் நடுவில் நின்றது.

"வருஷமும் தெரியுமா, சேர்?"

வெளியே ஸ்கூட்டியை யாரோ நகர்த்தச் சொல்லி
ஹோர்ன் அடித்தான்.
அவள் எழும்பவில்லை.
கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள்.