உடையும், பார்த்து

பதினொரு வருடமாக டார்லா ஹௌகன்
தன் நிலத்தின் பின்கோடியைப் பார்த்ததில்லை.
அஸ்டோரியாவில் மழை ஓயாது.
மழை ஓய்ந்தாலும் பிளாக்பெர்ரிப் புதர் ஓயாது.

இரண்டு முளை, ஒரு கயிறு.
கயிறு நேராகப் போகச் சொன்னது.
எப்போதோ வெட்டிய ஸ்ப்ரூஸின் அடிக்கட்டை
முடியாது என்றது.
கட்டை வென்றது;
பாதை அங்கே இடுப்பை ஒடித்துத் திரும்புகிறது.

கொடி வெட்ட மூன்று சனிக்கிழமை.
வேர் தோண்டியதை மட்டும் கேட்காதீர்கள்.
கையுறைக்குள் புகுந்த முட்களை
டிவி வெளிச்சத்தில் ஊசியால் எடுத்தாள்.

பிறகு அட்டை.
வெண்டெல் வீட்டைவிட்டுப் போன வாரம்
பெயரெழுதி, நிரப்பாமலே
விட்டுப்போன பெட்டிகள்.
டேப்பை உரித்து, பிரித்து,
ஒன்றின்மேல் ஒன்று ஒரு சாண் ஏறப்
படுக்கவைத்தாள்.
அவன் கையெழுத்து வானம் பார்த்தது:
சமையலறை.
ஒயர்கள்.
உடையும், பார்த்து.
ஹோஸால் நனைத்தாள்.
எழுத்து கரையவில்லை. நல்ல மை.
மேலே, மரம் வெட்டும் லைல்
லாரியோடு வந்து சும்மா கொட்டிய மரச்சில்,
கணுக்கால் புதையும் வரை.

கோடியில் ஒரு குளியல் தொட்டி இருந்தது.
யாருடையதோ. மூன்று கால்.
நிறையத் தவளை.

மறுநாள் காலை
அவளுக்கு முன்னே ஒரு மான் நடந்திருந்தது,
இடுப்பொடிப்பில் கூடக்
குறுக்கே பாயாமல்.

மே மாதம்
'உடையும், பார்த்து' கிடந்த இடத்தில்
அட்டையைக் குத்தி, சில்லை விலக்கி,
பச்சையாய் ஒரு குதிரைவால் பூண்டு.
குனிந்தாள். பிடுங்கினாள்.
வேர் வரவில்லை; வராது என்று தெரியும்.
தண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
தொட்டியில் தண்ணீர்
எவ்வளவு ஏறியிருக்கிறதென்று
பார்க்கப் போனாள்.