உடுப்பு காய்வதற்குள்

காலையில் அவள் சாவாள்.
அது ருஷ்யாவுக்கு.
அங்கே கதை நல்லபடி முடிந்தால்
காசைத் திருப்பிக் கேட்பார்களாம்.
மதியம் அவளுக்குக் கல்யாணம்.
அது மிச்ச உலகத்துக்கு.

இரண்டுக்கும் ஒரே வெள்ளை உடுப்பு.
கம்பெனி அவ்வளவுதான் கொடுக்கும்.

தாம்ஹுஸ் ஏரியில் மூழ்கி அவள் எழுந்ததும்
உருவி, பிழிந்து, உதறி,
அடுப்பின் மேல் விரித்துப் பிடித்து,
இஸ்திரிப் பெட்டியின் சூட்டை எச்சிலால் தொட்டுப் பார்த்து,
வால்பியின் கண்ணாடிக் கூரையைவிட்டு
வெயில் இறங்குமுன்
பிணத்தை மணப்பெண்ணாக்கித் தருவது
என் வேலை.

ஒருநாளும் முழுதாய்க் காய்ந்ததில்லை.
உற்றுப் பார்த்தால் தெரியும்,
பாதிரியார் முன்னால் அவள் நிற்கையில்
பாவாடை ஓரம் கணுக்காலில் ஒட்டியிருப்பது.
யார் பார்த்தார்கள்?
எல்லாருக்கும் அவள் கண்தான்.
தீரா ப்ரொடர்சனின் பளபளக்கும் நாணம் என்று
பத்திரிகையில் எழுதினார்கள்.
அது காய்ச்சல்.

எஸ்பியர் துறைமுகத்தில்
மீன் குடலெடுத்த கைகள் அவளுக்கு.
கேமரா கிட்டே வந்தால்
கையுறை போடச் சொல்வார் ஹோல்ஸ்ட்.
முகத்துக்குப் போட
எதுவும் வேண்டியிருக்கவில்லை.

காசநோயில் நான்கு முறை போனாள்,
விஷத்தில் ஐந்து,
சர்க்கஸ் கயிற்றிலிருந்து ஒன்று,
அதற்கு மட்டும் இரட்டைக் கூலி.
மிச்ச ஏழும் தண்ணீர்.
தண்ணீர் மலிவு.

"சாவது சுகம், எல்னா.
தனியாகச் செய்யலாம்.
கல்யாணத்தில்தான் இந்த ஐனாரின் மீசை மெழுகு
மூக்கில் ஏறித் தொலைக்கிறது."

பதினேழாம் வருஷக் குளிரில்
பெத்ரோகிராதிலிருந்து தந்தி நின்றுபோயிற்று.
கணக்கர் வந்து தொப்பியைக் கழற்றாமல் சொன்னார்:
இனி ஒரு முடிவு போதும்.
சம்பளமும் பாதி.
"உயிர் பிழைத்ததற்கு அபராதமா?"
என்று சிரித்தாள்.
அன்று மட்டும் என் உடுப்பு
எலும்பாய்க் காய்ந்திருந்தது.
அவள் அதற்குள் எப்படி நிற்பது என்று தெரியாமல் நின்றாள்.

அசலில் ஒரு பல் வைத்தியரைக் கட்டிக்கொண்டாள்.
மஞ்சள் கம்பளி உடுப்பு.
நான்கு வருஷம்.

படங்கள் வாய் திறந்தபோது அவள்
ரோஸ்கில்ட ஊர்த் தியேட்டரில்
டிக்கெட் கூண்டுக்குள் இருந்தாள், கையுறையில்லாமல்.
யாராவது ஒருத்தி கைக்குட்டையைத் துழாவிக்கொண்டே
கடைசியில் அவள் சாகிறாளா என்று கேட்பாள்.
"நீ எந்த ஊர்?" என்பாள் தீரா
சில்லறையை எண்ணியபடி.

ஐம்பத்தொன்றில் போனாள்.
ஒரு மதியம்.
நேரம் தப்பு என்று எனக்கு மட்டும் பட்டது.

போன வாரம் காப்பகத்திலிருந்து ஒரு பையன்
என்னை டாக்சியில் கூட்டிப்போனான்.
கல்யாணங்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லையாம்.
சுருள்களை உருக்கிச்
சீப்பும் செருப்புக் குதியும் செய்துவிட்டார்கள்.
எவள் தலையையோ வாரிக்கொண்டிருக்கிறது
அவளுடைய பாதிச் சிரிப்பு.
மிஞ்சியது ஒரு தகரப் பெட்டி,
ருஷ்ய எழுத்தோடு.

திரையில் ஏரி.
நடந்து போகிறாள், இடுப்பு வரை, கழுத்து வரை.
நீர் மூடிக்கொள்கிறது.
பையன் மரியாதையாகத் தலை குனிகிறான்.

வெட்ட மறந்த ஒரு துண்டு பாக்கி இருந்தது.
தலை மேலே வருகிறது,
முடியெல்லாம் முகத்தில்,
இருமிக்கொண்டே கரையைப் பார்த்து
ஏதோ கேட்கிறாள்.

என்ன சொல்கிறார், அம்மா?
பென்சிலோடு காத்திருந்தான்.

முடிந்ததா என்று கேட்கிறாள்.

படத்தின் விளிம்புக்கு அரைச் சாண் வெளியே
கம்பளிக் கோட்டை விரித்துப் பிடித்தபடி
நான் கத்திக்கொண்டிருக்கிறேன்:
வாடி, சீக்கிரம், வா,
நேரமாகிறது.