ஏழாம் லேன்

புது காமெடித் தொடர் வந்த முதல் வாரம்
எங்கள் தெருவில் யாருக்கும் பிடிக்கவில்லை.
"இதுல யாரும் அழவே மாட்டேங்கிறாங்களே"
என்றாள் எதிர்வீட்டுத் திம்மக்கா,
குழம்பில் உப்பு விட்டுப்போன மாதிரி.

மூன்றாம் வாரம் அவளே
எட்டரைக்குக் குக்கரை அணைத்துவிட்டு வந்தாள்.
ஒரே ஹால். ஒரே சோபா.
யார் வந்தாலும் அந்த ஒரு கதவு வழியாகத்தான்.
மழை கிடையாது, கொசு கிடையாது.
ஜன்னலுக்கு வெளியே எப்போதும் ஒரு தென்னை
அசையாமல்.
பேச்சு முடியுமுன் சிரிப்புச் சத்தம்:
நாற்பது ஐம்பது பேர், நமக்குத் தெரியாதவர்கள்,
எங்கோ உட்கார்ந்து சிரிக்கிறார்கள்.
அதில் ஒரு பெண்ணின் சிரிப்பு மட்டும்
கடைசியில் இழுத்து, விக்கி நிற்கும்.
தினமும் அதே விக்கல்.
அவளுக்கு யாராவது தண்ணீர் கொடுத்திருக்கலாம்.

மாடியில் குடியிருக்கும் சபாபதி
எதற்கும் காசு தரமாட்டான்.
பால்காரர், கேபிள்காரர், கோயில் வசூல்,
யார் கேட்டாலும் சட்டைப்பையைத் தட்டிக் காட்டி
"சில்லறை இல்லீங்களே."
என் மகன் வருகைப் பதிவுக்கே இதைச் சொல்லி
வகுப்பில் முட்டி போட்டான்.

*

எனக்கு வேலை கிருஷ்ணகிரி டோல்கேட்டில்.
பத்து மணி ஷிப்ட், ஏழாம் லேன்.
ராயக்கோட்டைத் தக்காளி,
பர்கூர்க் கல் ஏற்றிய பன்னிரண்டு டயர்,
பெங்களூருக்குத் தூங்கிக்கொண்டே போகும் பேருந்துகள்.
முகங்களை நான் பார்ப்பதில்லை.
நம்பரும் திரையில் பச்சையும் போதும்.

வைகாசி. விடிகாலை மூன்றரை.
மாங்காய் லாரிகளின் நடுவே ஒரு வெள்ளைக் கார்.
திரையில் சிவப்பு. டேக்கில் பணமில்லை.
"ரெண்டு மடங்கு கட்டணும் சார்."
கண்ணாடி இறங்கியது.

சபாபதி.

டிவியில் இருப்பதைவிடச் சின்னத் தலை.
மீசை இல்லை. ஒட்டு மீசைதான் போல.
காதோரம் கழுவாத பவுடர், பழுப்பாய் ஒரு கோடு.
பின்சீட்டு ஹேங்கரில் அந்தக் கட்டம் போட்ட சட்டை
ஆளில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

ஐந்நூறு ரூபாய் நீட்டினார்.
கல்லாவைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன்,
அன்றைக்குப் பார்த்து பத்தும் இல்லை, இருபதும் இல்லை.
வாய் தானாகச் சொன்னது:
"சில்லறை இல்லீங்களே."

ஆறாம் லேன் நஞ்சுண்டன் திரும்பிப் பார்த்தான்.
நான் காத்திருந்தேன்,
அந்த நாற்பது பேருக்காக.
பின்னால் லாரிக்காரர் ஹாரனை அமுக்கினார்.

தன் செருப்பை வேறொருவர் காலில் பார்த்ததுபோல்
என்னைப் பார்த்தார்.
பிறகு நோட்டை வாங்கிக்கொண்டு இருநூறாகத் தந்தார்.
மேலே முப்பதுக்கு
கியர் பக்கத்துப் பள்ளத்தில், கால்மிதிக்கு அடியில் தேடி
ஒன்றும் இரண்டும் ஐந்துமாய்
எண்ணி எண்ணி என் உள்ளங்கையில் வைத்தார்.
விரல் சுட்டது. காய்ச்சலாக இருக்கலாம்.

"பாப்பீங்களா?"
"பாப்போம் சார்."
"சிரிப்பு வருதா?"
"அந்தச் சத்தம் இல்லாட்டி வரும்."
"அது நாங்க போனப்புறம் போடறதும்மா.
நடிக்கறப்ப எங்களுக்கு ஏசி ஓடற சத்தம்தான்."

ஓசூரில் நகைக்கடைத் திறப்பாம், ஏழரைக்கு முகூர்த்தம்.
மீசையோடு வரச் சொல்லியிருக்கிறார்களாம்.
டேஷ்போர்டில் ஒரு சோப்பு டப்பாவைத் தொட்டுக் காட்டினார்.
"ரசீது குடுத்துடும்மா, கம்பெனில கேப்பாங்க."
கிழித்துக் கொடுத்தேன். கட்டை எழுந்தது.

*

செல்போன் லாக்கரில் இருந்தது.
படம் இல்லாததால் தெருவில் ஒருவரும் நம்பவில்லை.
திம்மக்கா மட்டும் கேட்டாள்: "ஒசரமா?"
"உக்காந்திருந்தாரு."

அன்று எட்டரைக்குக் கதவைத் தட்டியது பால்காரர்.
சபாபதி சட்டைப்பையைத் தட்டினான்.
அவர்கள் சிரிப்பதற்குமுன் ஒரு துளி இடைவெளி இருக்கிறது,
இத்தனை நாள் கவனித்ததில்லை.
அதற்குள் ஏசி ஓடுவது கேட்கிறதா என்று
டிவி பக்கத்தில் போய் நின்றேன்.

"மறைக்குதும்மா" என்றான் மகன்.