பிழைச்ச நிறம்

மூடி நெளிஞ்ச ஒரு ரின். நாலு லீற்றர்.
ஸ்ரான்லி வீதிக் கடையின்ர பின்கதவடியில்
மூண்டு மாதமாய்க் குந்தியிருந்தது.

ஆரோ ஒரு அம்மா கேட்டது முத்துச் சாம்பல்.
மெசினுக்கு முன்னால நிண்ட கபிலன்
போனைப் பாத்தபடி
கறுப்பில் ஒரு சொட்டுக் கூட விட்டிட்டான்,
நீலத்தில் எத்தனை எண்டு அவனுக்கே தெரியாது.
அந்த அம்மா விரலால் தொட்டு,
விரலைத் துடைச்சு,
"செத்தவீட்டு நிறம்" எண்டிட்டுப் போனா.

பில் போடுற கதிரையில் இருந்து
நான் அந்த ரின்னைத் தினமும் பாத்தன்.
கால்விலைக்குக் கொண்டுபோ பிள்ளை,
சம்பளத்தில் வெட்டுறன் எண்டார் முதலாளி.
சைக்கிள் கரியரில் கட்டிப்
பாசையூருக்குக் கொண்டு வந்தன்.

எங்கட ஹோல் பத்தடிக்குப் பன்னிரண்டு.
வீட்டுத்திட்டக் காசில் எழும்பி
பூச்சோட காசு முடிஞ்ச சுவர்.
கடல்காத்துக்கு எந்தப் பெயின்றும்
ரெண்டு மாரிதான் எண்டான் றெக்சன்.
சரி, ரெண்டு மாரிக்கு நாங்கள் பணக்காரர் எண்டன்.

நாலு லீற்றர் நாலு சுவருக்குக் காணாது.
அலுமாரியை இடம் பாத்து நிப்பாட்டி
அதைச் சுத்திப் பூசினம்.
பின்னால, அலுமாரியின்ர அளவுக்கே,
வெறும் சீமெந்து.
இனி அதை அசைக்கேலாது.

யன்னல் சின்னன்.
திரையை யன்னலில் தொடங்காமல்
கூரைக்குக் கிட்டப் பிடிச்சு
நிலம் தட்ட விட்டன்.
சுவர் ஒரு முழம் வளந்திட்டுது.
வெட்டுத்துண்டுத் துணி; மூட்டெல்லாம் மடிப்புக்குள்ள.
கம்பி எண்டு தெரியிறது தண்ணிக்குழாய்.
பொன் நிற ஸ்பிறே பாதி குழாயில்,
பாதி றெக்சன்ர சாரத்தில்.

காசு செலவழியாத வேலையும் ஒண்டு இருந்தது:
கழட்டுறது.
பிளாஸ்ரிக் ரோசா, மூண்டு வருசத்துக் கலண்டர்,
ஓடாத மணிக்கூடு.
மாதாவை மட்டும் விட்டன்.
அவவின்ர நீலச் சீலைக்கு
அந்தச் சுவர் எடுப்பாய்க் கிடந்தது.

கடலுக்குச் சரிவராமல் போன மீன்கூடு ஒண்டை
மூண்டு நாள் ஊறவிட்டு,
தேசிக்காய் போட்டு உரஞ்சி,
உள்ளுக்கு ஒரு மஞ்சள் பல்ப்.
மணம் முழுக்கப் போகேல்லை.
ஆனால் பொழுதுபட்டு அதைப் போட்டால்
கண்ணி கண்ணியாய் நிழல் விழும்,
செத்தவீட்டு நிறம்
மழைக்கு முந்தின பரவைக்கடலாகும்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை
நண்டு வாங்க ஒரு கார் நிண்டது.
மழை. உள்ளுக்கு வாங்கோ எண்டன்.
வந்தவ நண்டைப் பாக்கேல்லை.
நடு ஹோலில் நிண்டு
சுவரை விரலால் தொட்டா.
"என்ன நிறம் இது? எங்க எடுத்தனீங்கள்?"
பில் கண்ணாடிக்குப் பின்னால இருக்கிற முகத்தை
ஆர் நினைவில் வைச்சிருக்கினம்?
எனக்கு அந்த விரல் தெரிஞ்சது.
"வெளியில எடுத்தது" எண்டன்.
பொய் இல்லை.
பின்கதவுக்கு வெளியிலதான்.
போனில் படம் எடுத்தா.
அலுமாரிப் பக்கம் போகேக்க
நண்டு கடிக்கும் எண்டு மறிச்சன்.

திங்கட்கிழமை கடைக்கு வந்தா.
படத்தை நீட்டி, "இதில் இருபது லீற்றர்."
கபிலன் கலக்கினான். முத்துச் சாம்பல், அச்சொட்டாய்.
கறுப்புக் கூட்டினான், தார் றோட்டு.
நீலம் கூட்டினான், சவர்க்காரத் தண்ணி.
எண்ணி எண்ணித் துளி விட்டு
ஒரு பிழையைத் திரும்ப விடேலாது போல.
நான் தலை நிமிராமல்
பில் றோல் மாத்திக்கொண்டிருந்தன்.

இரவு, அலுமாரிக்குப் பின்னால
மெல்லக் கையை விட்டுப் பாத்தன்.
சொரசொரப்பு. குளிர்.
எங்கட வீடு அங்கதான் கிடந்தது.

பின்கதவடியில் இப்ப ஐஞ்சு ரின்,
ஐஞ்சும் ஐஞ்சு விதமாய்ப் பிழைச்சது.
"றெக்சன்," எண்டன் இருட்டுக்குள்ள,
"குசினிக்கு எது நல்லாயிருக்கும்?"