சுழியம் பைட்

க்ளைபேடா துறைமுகம். இரவுப் பணி.
கறுப்புத் திரையில் ஒரே வரி; அதன் நுனியில்
சிமிட்டிக்கொண்டு நிற்கிறது கர்சர்,
சொல்லித்தொலை என்பதுபோல்.

இங்கே படமில்லை, பொத்தானில்லை.
பிசகினால் பிசகியதுதான்.
ஒருமுறை ஓர் இடைவெளியைக் கூடுதலாகத் தட்டி
ஒரு வாரத்துச் சரக்குப் பட்டியலை அழித்திருக்கிறேன்.
அன்றிலிருந்து என்டரின் மேல் சுண்டுவிரலை வைத்து
மூன்று எண்ணுகிறேன்.

இன்று சர்வரில் செத்த கணக்குகளைக் களையவேண்டும்.
யார் யார் என்று கேட்டேன். வரிசை கட்டினார்கள்.
திவாலான மீன் கம்பெனி: போ.
பெயரை மாற்றி வேறு கொடியில் ஓடும் கப்பல்: போ.
பாஸ்வேர்டை மறந்து ஏழு முறை என்னைத் திட்டிய
சுங்கத்துறை டொமந்தாஸ்: இருந்து தொலை.

பிறகு 'வேயாஸ்'. எங்கள் மொழியில் காற்று.
இரவுதோறும் மூன்று பத்துக்கு வருகிறது.
பெயர் சொல்கிறது, கடவுச்சொல் சொல்கிறது,
ஒரு கோப்பை வைத்துவிட்டுப் போகிறது.
அளவு சுழியம் பைட்.
பிப்ரவரியிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு வெற்றுக் கோப்புகள்,
தேதி போட்டு, ஒழுங்காக.

முகவரியைத் துருவினேன். வடக்கு அலைதாங்கிக் கோபுரம்.
போன் போட்டால் வாய் நிறைய ரொட்டியோடு
காவலாளி ஸ்கிர்மன்டாஸ்:
"காற்றுமானியா? புயலில் கம்பி பிடுங்கி விழுந்ததே.
இதோ, என் குடைக்குப் பக்கத்தில் கிடக்கிறது."
கம்ப்யூட்டர் இன்னும் அனுப்புகிறதே?
"அதனிடம் யாரும் சொல்லவில்லை போல."

அழிக்கும் கட்டளையைத் தட்டினேன்.
நிச்சயமா, என்று கேட்டது. ஆம், இல்லை.
மணி மூன்று எட்டு.
ரெண்டு நிமிடம்தானே, கடைசியாக வந்து போகட்டும் என்று
காபி எடுக்கப் போனேன்.

மூன்று பத்து. வந்தது. வைத்தது.
நாற்பத்தொரு பைட்.

திறந்தேன்: வடமேற்கு, வினாடிக்கு முப்பத்தெட்டு மீட்டர்.
ஜன்னலுக்கு வெளியே
மூன்று மணிக்கே வெளுக்கும் ஜூன் வானம்.
நட்டுவைத்த கழிபோல் புகைபோக்கியின் புகை.
நீரில் ஒரு மடிப்பு இல்லை.

போன் அலறியது. மூச்சு வாங்கல்.
"கம்பியைச் சொருகிக் கையால் சுற்றினேன். வந்ததா?"

நிச்சயமா என்பது இன்னும் திரையில்.
சுண்டுவிரல். ஒன்று. இரண்டு. மூன்று.
இல்லை.

சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது:
வெற்றாக இல்லாத கோப்பு எதுவானாலும்
கடலில் இருக்கும் பதினான்கு கப்பல்களுக்கு
ஐந்து நிமிடத்தில் தானாகப் போகும்.
மூன்று பதினான்கு.

இந்த முறை நான் எண்ணவில்லை.