கொட்டகை நின்ற இடம்

ஆனி பிறந்து நாலாம் நாள் ஆள் வந்தது.
மூன்று பேர்.
இரண்டு கடப்பாரை, ஒரு ஆணிபிடுங்கி,
தூக்குவாளியில் நீத்தண்ணி.

"பேசினபடி கூலி மூவாயிரம், மரம் எங்களுக்கு"
என்றான் பூலுடையான்.
தேக்குத்தூண் நாலும் எனக்கு என்றேன்.
தட்டிப் பார்த்தான்.
அப்பளம் தட்டுகிற சத்தம்.
"தேக்குன்னு யாரு சொன்னா?
தோலு மட்டுந்தான் மரம்.
உள்ள பூராவும் கரையானாக்கும்."

அடுக்களை நிலைவரைக்கும் வந்துவிட்டது கரையான்.
அதற்குத்தான் இந்தச் செலவு, வேறு காரணம் கிடையாது.
கொழுந்தன் சூரத்திலிருந்து போன் பண்ணி
அப்பா கட்டினதாச்சே மைனி என்றார்.
அப்பா கட்டினதுதான்.
கரையானுக்கு அது தெரியாது.

முதலில் தகரம் இறங்கியது.
வௌவால் எச்சம், எலிப்புழுக்கை,
முழுசாக ஒரு சாரைச்சட்டை,
எந்த வருஷத்துப் பருத்திவிதையோ ஒரு கை.
பனங்கைகள் மட்டும் இரும்பாய் நின்றன.
அவற்றை அறுக்க
மத்தியானம் ஆகிவிட்டது.

பிறகு பலகைகள்.
உட்பக்கம் வெயில் பட்டதும்
தார் எழுத்து தெரிந்தது.
மாமனார் கை.
புண்ணாக்கு, தவிடு கடன் கொடுத்த கணக்கு.
நோட்டு வாங்கக் காசு செலவழிக்கிற மனுஷர் இல்லை அவர்.
அடைத்தவன் பெயர்மேல் ஒரு கோடு.
அடைக்காதவன்
அப்படியே.

பூலுடையான் ஒவ்வொன்றாய் வாசித்து
வண்டியில் எறிந்துகொண்டிருந்தான், சிரிப்பும் சத்தமுமாக.
"ஏ, கோயில் மாட்டுக்கும் பத்து எழுதியிருக்காருல்லா!"
அடுத்த பலகையை எறியவில்லை.
*பொட்டல் மாசானம். புண்ணாக்கு ஆறு மூடை.
பாக்கி 340.*
கீழே பொடி எழுத்தில்:
*செவலைப் பசு பிடித்தாச்சு.*
கோடு இல்லை.

கையாள் பையன் என் பக்கம் திரும்பி
"அவிய அப்பா" என்றான்.

காப்பி போடுகிறேன் என்று உள்ளே போனேன்.
அடுப்பு பற்றவில்லை.
பற்றினாலும் நிற்கவில்லை.
இத்தனை வருஷமும் மேகாத்தை
அந்தக் கொட்டகைதான் முதுகில் வாங்கியிருக்கிறது.
இப்போது மலையிலிருந்து நேரே வந்து
என் அடுப்பை ஊதுகிறது.
முறத்தை மறைப்பு வைத்து
நாலு தம்ளர் காய்ச்ச அரைமணி நேரம்.

சாயங்காலம் கூலியை எண்ணி வாங்கினான்.
அதிலிருந்து மூன்று நூறு, இரண்டு இருபது பிரித்து
துவைகல்லின்மேல் வைத்து
பறக்காமல் ஒரு செங்கல்லும் வைத்தான்.
"மாடுதான் பிடிச்சாச்சுன்னு போட்டிருக்கே" என்றேன்.
"அது வட்டிக்கா இருக்கும்க்கா."
சிரிக்கவில்லை.
கடப்பாரை நுனியால் அந்தப் பெயர்மேல்
இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரு கோடு இழுத்தான்.
பலகையை வண்டியில் எல்லாவற்றுக்கும் அடியில்
எழுத்து கீழே பார்க்க வைத்தான்.
தூண் நாலும் சுவரோரம் கிடந்தன, என் பங்கு.

ரூபாய் செங்கல்லுக்கு அடியில்
இரண்டு நாள் படபடத்தது.
மூன்றாம் நாள் எடுத்துக்கொண்டு
கடைத்தெருவில் போய்ப் புண்ணாக்கு விலை கேட்டேன்.
மாடு வாங்கியிருக்கியளா என்றார் கடைக்காரர்.
இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆவணியும் வந்துவிட்டது.
கொட்டகை நின்ற இடத்தில் புல் இன்னும் வரவில்லை,
சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம்.
பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி
விடியக்காலையில் அதற்குள் இழுத்து நடக்கிறேன்.
பிள்ளைகள் விளையாட வருகிற இடம்.
முதல் வாரம் ஒரு டப்பா நிறைய.
பிறகு பத்து, பிறகு மூன்று.
நேற்று ஒன்றும் இல்லை என்று கயிற்றைச் சுருட்டினேன்.
இன்றைக்குச் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒன்று,
தலை இல்லாதது,
மாமனார் காலத்து நீளம்.