பற்றுச்சீட்டு

கொண்டுபோன அன்று நெல் குடலை.
மோட்டார் சைக்கிளில் ரெண்டு பேர் வந்தார்கள்.
பக்கத்து வரம்புக்காரன் பெட்டிசம் போட்டிருக்கிறான்:
அவன் மாட்டை நான் குறி பார்த்தேனாம்.
மாடு அவனைவிடக் கொழுத்து
அப்போதும் என் வயலில்தான் நின்றது.

லைசென்சைக் காட்டினேன்.
கச்சேரி முத்திரை, இந்த வருசத் திகதி, கட்டிய காசு
எல்லாவற்றையும் பார்த்தார் சார்ஜன்ட் விஜேகோன்.
பார்த்துவிட்டுத் துவக்கைச் சாக்கில் சுற்றினார்.
"துண்டு தாங்க" என்றேன்.
நாலாந்தரம் கேட்டபோது
எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில்
ஒரு வரி எழுதித் தந்தார்.
தம்பலகாமம் சந்தியில்
மருந்துக்கடை முபீதா வாசித்துச் சொன்னாள்:
பழைய இரும்புக் குழாய் ஒன்று, மரப்பிடியுடன்.

அன்றிரவே பன்றிகளுக்குத் தெரிந்துவிட்டது.
எப்படியென்று கேளாதீர்கள்,
குளக்கட்டுக்கு அப்பால்
அவற்றுக்கும் ஒரு தபால்காரன் இருக்கிறான்.
தகரம் தட்டினேன். சீனவெடி கொளுத்தினேன்.
பெரிய ஆண்பன்றி தலை நிமிர்த்திக் கேட்டது,
முடிந்ததா என்பதுபோல்.
பிறகு தின்றது.

ஐந்து தவணை. ரெண்டு போகம்.
திருகோணமலை கோர்ட்டு வாசலில்
ஊர்மான்கள் வந்து
என் வழக்குக் கட்டின் ஓரத்தை மணந்து பார்த்தன.
துவக்கில்லாதவனை அவை மதிப்பதேயில்லை.
பெட்டிசக்காரன் ஒருநாளும் வரவில்லை.
"உரியவரிடம் ஒப்படைக்க."
அந்த ரெண்டு சொல்லை
பஸ்ஸில் ஊர் வரைக்கும் வாய்க்குள் வைத்திருந்தேன்.

கவுண்டருக்கு மேலால் ஒரு துவக்கு நீட்டினார்கள்.
என்னுடையதன் பிடி வெடித்து
செப்புக் கம்பி சுற்றியிருக்கும்.
இதில் யாரோ கத்தி முனையால்
ஒரு பூ வெட்டியிருக்கிறான்.
இலக்கத்தில் கடைசி மூன்றும் வேறு.

"எல்லாம் துவக்குத்தானே, கையெழுத்து வை, கொண்டுபோ."

கொண்டுபோகலாம்.
நாளைக்கு வேறொருவர் சாக்கோடு வருவார்.
லைசென்சில் ஒன்று, குழாயில் இன்னொன்று.
அப்போதுதான் நான் மெய்யாகவே கள்ளன்.
அதோடு,
பூ வெட்டியவன் எந்தக் கவுண்டரில் நிற்கிறானோ,
என் செப்புக் கம்பியை
யார் அவனுக்கு நீட்டுகிறார்களோ.

மேசையில் திருப்பி வைத்தேன்.
"எழுதுங்க சேர்,
சித்திரவேல் கோணாமலை ஏற்க மறுத்தார்,
இலக்கம் பொருந்தவில்லை.
அதுக்கும் ஒரு துண்டு தாங்க."

விஜேகோன் பேனையைத் தேடினார்.
லாச்சியில் தேடினார், சட்டைப் பையில் தேடினார்.
பேனை அவர் காதில் இருந்தது.
நான் சொல்லவில்லை.
வாங்கில் இருந்தேன்.
வெளியே அறுவடை மெசின் ஒன்று
ரோட்டை அடைத்தபடி போனது,
வேறு யாருடைய வயலுக்கோ.